மோகனா அடித்த இருபத்து மூன்று கோல்கள்

புங்கா ராயா பெண்கள் ஹாக்கி லீக்கில் இரண்டு வருடத்தில் இருபத்து மூன்று கோல் அடித்தவள் நான். அதில் ஒன்றைத்தான் என் கையால் அடித்தேன். மற்ற இருபத்திரண்டில் பாதியைத் திடலின் ஓரத்தில் நின்று பார்த்தேன். மீதி விழுந்தபோது வீட்டில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டோ துணி காயப்போட்டுக்கொண்டோ இருந்தேன். கேமரன் மலையில் ஒரு துணி காய மூன்று நாளாகும், அதனால் அந்த வேலைக்கு மட்டும் எனக்குப் பஞ்சமே வந்ததில்லை.

நம்பாதவர்கள் இரண்டு வருடத்து லீக் பட்டியலையும் பார்த்துக்கொள்ளலாம். மோகனா, கபுட் அணி, எண் ஒன்பது, கோல் இருபத்து மூன்று. பெயர் என்னுடையது, ஐசி என்கிற அடையாள அட்டையின் எண் என்னுடையது, பிறந்த தேதியும் என்னுடையதுதான். ஆள் மட்டும் என் தங்கை அன்பரசி.

எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டால் எனக்கே ஒழுங்காகச் சொல்ல வராது. கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரி கேட்டபோது எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லி அந்தப் பையனையும் குழப்பிவிட்டோம். முடிந்தவரை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து ஹாக்கி ஆடவைக்கும் லீக் ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார்கள். எட்டு அணி வேண்டும், ஏழுதான் சேர்ந்தது. எட்டாவதற்கு ஆள் தேடி அலைந்து, கடைசியில் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடையும் நான்கு காய்கறி லோரியும் வைத்திருக்கும் மைதீன் பாயிடம் வந்து சேர்ந்தார்கள். அவர் ஹாக்கியில் ஏன் இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகப் பேசினார்கள், சரி என்று வாயில் வந்துவிட்டது, பிறகு எப்படி இல்லை என்பது என்று கேட்பார். கம்போங் ராஜா ஊருக்கு மேலே சும்மா கிடந்த பூந்தோட்ட நிலத்தைச் சமப்படுத்தி நீல நிறச் செயற்கைப் புல் விரித்தார். அணிக்குக் கபுட் என்று பெயர் வைத்தார். மலாயில் மூடுபனி என்று அர்த்தம். முதல் வருடம் பாதி ஆட்டங்களில் அதைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஓர் ஆட்டத்தில் நடுவர் கோல் என்று விசில் ஊதினார். இரண்டு அணியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தன. யார் கோல் போட்டது என்று பதினைந்து நிமிடம் பேசினார்கள். முடிவே வராமல் ஆளுக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்கள். எங்கள் லீக் அந்த லட்சணத்தில்தான் தொடங்கியது.

அணிக்கு மேனேஜர் செல்லையா கிராணி. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தாறு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். அதில் அவர் மன்னன். ஹாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கட்டை நுனியில் வளைந்திருக்கும் என்பது மட்டும்தான். ஆனால் பதினெட்டுப் பெண்களை நேரத்துக்கு ஓரிடத்தில் நிற்கவைக்க மலையில் அவரை விட்டால் ஆளில்லை. பயிற்சிக்கு முன்னால் நீளமான நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நாங்கள் இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே போவோம்.

நான் பள்ளிக்கூடக் காலத்தில் பகாங் மாநிலத்துக்கு ஆடியவள். பிறகு தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை, கல்யாணம், எட்டு வருடமாகக் கட்டையைத் தொடவில்லை. சம்பளம் கொடுத்து ஆடச் சொல்கிறார்கள் என்றபோது யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் மூன்று ஆட்டம் ஆடினேன். மூன்றாவதில் ஒரு கோல் போட்டேன். நான்காவது ஆட்டத்துக்கு முந்தின வாரம் வாந்தி எடுத்தேன். கல்யாணமாகி ஐந்து வருடம் வராத பிள்ளை, வேறு நேரமே கிடைக்காத மாதிரி அப்போது வந்தது.

கிராணியிடம் போய்ச் சொல்லி அழுதேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. வீட்டில் யாராவது இருந்தால் அனுப்பிவை, நிரையை மட்டும் விட்டுவிடாதே என்றார்.

கொழுந்து எடுக்கும் ஒவ்வொருவருக்கும் தோட்டத்தில் ஒரு நிரை உண்டு. அவருக்கென்று ஒதுக்கிய தேயிலைச் செடி வரிசை. அவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அக்காவோ தங்கையோ மகளோ போய் அந்த நிரையில் நிற்பார்கள். எடுத்த கொழுந்து நிரைக்காரியின் பெயரில்தான் ஏறும். நிரைக்காரி திரும்பி வந்ததும் மற்றவள் ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கிக்கொள்வாள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் நானும் அன்பரசியும் மாறி மாறி அம்மாவாக இருந்திருக்கிறோம். இப்போது கொழுந்தை மெஷினில் வெட்டுகிறார்கள், வெட்டுகிறவர்களும் வெளிநாட்டுக்காரர்கள். இருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு எந்த வேலையும் நிரைதான். ஹாக்கியில் ஒன்பதாம் எண்ணும் ஒரு நிரை என்று கிராணி சொன்னபோது எனக்கு அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை.

அன்பரசி என்னைவிட ஐந்து வயது இளையவள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி அடுக்கும் வேலை. பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடுவாள். ஹாக்கி கட்டையை அவள் பிடித்ததெல்லாம் எனக்குப் பந்து தள்ளிக் கொடுப்பதற்காக மட்டும்தான். போய்ச் சும்மா நின்றுவிட்டு வா, பந்து வந்தால் தள்ளிவிடு என்று சொல்லி அனுப்பினேன். "உன் இஷ்டம்க்கா" என்றாள். அவளுக்கு எல்லாமே என் இஷ்டம்தான். என்ன கறி சமைப்பது, எந்தச் சட்டை எடுப்பது, எதைக் கேட்டாலும் அதே பதில். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தையின் மேலேயே எரிச்சல்.

போன முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டுவிட்டு வந்தாள். என் பெயரில் இரண்டு ஏறிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

குழப்பம் பிறகுதான் மெதுவாக ஆரம்பித்தது. அன்பரசியின் படத்தைப் போட்டுக் கீழே என் பெயரைப் போட்டு ஒரு பத்திரிகையில் வந்தது. கோல சிலாங்கூரிலிருந்து அத்தை போன் பண்ணி, நீ நன்றாக இளைத்துவிட்டாய், எப்படி என்று கேட்டாள். அப்போது நான் ஏழு மாதம். கிளினிக்கில் நர்ஸ் கார்டைப் பார்த்துவிட்டு, ஹாக்கி மோகனாவா என்று எழுந்தே நின்றுவிட்டாள். சனிக்கிழமை ஈப்போவில் இரண்டு கோல் போட்டவள் திங்கள்கிழமை இந்த வயிற்றோடு எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. டாக்டர் நன்றாக நடக்கச் சொன்னார் என்றேன்.

பிள்ளை பிறந்தது. குறை மாதம், நோஞ்சான். மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். இரண்டாம் வருட லீக் தொடங்கியபோது நான் ஆடுகிற நிலையில் இல்லை. அன்பரசி போனாள். அந்த வருடம் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவள் மோகனா. கோப்பையைக் கொண்டுவந்து என் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். உன் பேர்தானே எழுதியிருக்கிறது என்றாள். என் கணவர் சுகுமாரன் லோரி ஓட்டுகிறவர், ராத்திரி பகல் இல்லாமல் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போகிறவர். வந்ததும் வராததுமாகக் கோப்பையைப் பார்த்துவிட்டு, எந்த மோகனாவுக்குச் சோறு போடுவது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தோஷமா பொறாமையா என்று கேட்டால் இரண்டும்தான். திடல் ஓரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். கிராணி நோட்டைத் திறந்து மோகனா என்பார். இருக்கேன் என்று சொல்ல என் வாய் திறக்கும். அதற்குள் உள்ளேயிருந்து அவள் சொல்லிவிடுவாள்.

மூன்றாம் வருடத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முடிவு பண்ணினேன். பிள்ளைக்கு ஒன்றேகால் வயது. எனக்கு இருபத்தெட்டு. இந்த வருடம் விட்டால் இனி இந்த ஜென்மத்தில் இல்லை. பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுத் தினமும் காலையில் தேயிலை ரோட்டில் ஓடினேன். முதல் வாரம் பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆறாவது வாரம் மேடு முழுவதும் ஓடினேன். கிராணியிடம் சொன்னதும், அது உன் நிரை, வா என்றார். அன்பரசியிடம் சொன்னேன். வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சண்டை போடுவாள் என்று நான் என்னென்னவோ பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அத்தனையும் வீணாகிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டம். என்னை ஒரு பக்கமும் அவளை எதிர்ப்பக்கமும் போட்டார்கள். இரண்டு வருடமாக அவள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன், எதிரே நின்று பார்த்ததில்லை. பந்து என் கட்டைக்கு வந்தது. யாருக்குக் கொடுப்பது என்று நான் தலையைத் தூக்கியபோது பந்து என்னிடம் இல்லை. இன்னொரு தடவை நான் முந்திக்கொண்டு ஓடினேன். அவள் என்னைத் தாண்டிப் போன காற்று கன்னத்தில் பட்டது. ஷூ புதுசு, அதுதான் வழுக்குகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். ஷூவில் ஒன்றும் கோளாறு இல்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது, ஒரு மாதம் ஆடினால் சரியாகிவிடும் என்று எனக்கே நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமைதான் குகன் வந்தான். கோலாலம்பூரிலிருந்து வந்த அந்த லீக் அதிகாரி, பெட்டாலிங் ஜெயாப் பையன், கையில் ஒரு சின்ன மெஷின். லீக்குக்குப் புது ஸ்பான்சர் வந்திருக்கிறார்களாம், எல்லா அணியிலும் ஆளைச் சரிபார்க்க வேண்டுமாம். ஐசியைச் செருகிப் பெருவிரலை வைக்க வேண்டும். ஐசிக்காரரின் விரலென்றால் பச்சை எரியும், இல்லையென்றால் சிவப்பு. இரண்டு வருடமாக ஐசி நகலை வாங்கிக் கோப்பில் போட்டதோடு சரி, யாரும் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அதனால் எங்கள் ஆட்கள் இதையும் ஒரு விளையாட்டு மாதிரி எடுத்துக்கொண்டு தோட்டத்து மண்டபத்தில் வரிசையில் நின்றார்கள். என் ஐசியை வைத்துக்கொண்டு பழக்கத்தில் அன்பரசிதான் நின்றாள்.

முதல் ஆள் பச்சை. இரண்டாவது சிவப்பு. விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னான். மறுபடி சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. மெஷின் கெட்டுவிட்டது என்று தன் ஐசியைப் போட்டுப் பார்த்தான், பளிச்சென்று பச்சை எரிந்தது. வரிசை முடிந்தபோது பதினெட்டில் ஏழு சிவப்பு.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என்னைப் போல இன்னும் ஆறு பேருக்கு நிரை பிடித்திருக்கிறார்கள். தவமலர் என்று நாங்கள் இரண்டு வருடமாகக் கூப்பிட்ட கோல்கீப்பர், தவமலரின் நாத்தனார். புவனேஸ் உண்மையில் புவனேஸின் சித்தப்பா மகள். குகன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டான். கிராணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆளு மாறும் தம்பி. ஒடம்பு முடியாமப் போவும், புள்ள பொறக்கும். பேரு மாறக் கூடாது. பேரு மாறினாத்தான் தப்பு."

"அங்கிள், எங்களுக்கு அது அப்படியே தலைகீழ்" என்றான் குகன்.

கிராணி விடவில்லை. ஏமாற்ற நினைத்திருந்தால் ஒளித்திருக்க மாட்டோமா என்று நீள நோட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தார். மோகனா, தங்கை நிற்கிறாள். தவமலர், நாத்தனார் நிற்கிறாள். தேதி போட்டு, ஆட்டம் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். குகன் இரண்டு பக்கம் படித்தான். பிறகு நோட்டை அவனே மூடிவிட்டு, இதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்று கெஞ்சினான்.

வெளியே போய் ஒரு மணி நேரம் போனில் பேசினான். திரும்பி வந்தபோது சட்டை முழுக்கப் பனி. தெற்கே ஓர் அணி போன மாதமே விலகிவிட்டதாம், இன்னொன்று போனால் லீக்கே இல்லையாம். அதனால் போனதை யாரும் பேச வேண்டாம், அது அந்தந்தப் பெயரிலேயே இருக்கட்டும். இனிமேல் விரலுக்குச் சொந்தக்காரர்தான் ஆட முடியும். பதினெட்டுப் பேர் பட்டியல் மூடியாகிவிட்டது. பட்டியலில் இருக்கிறவர் விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் அந்த இடத்தில் புது ஆளைச் சேர்க்கலாம். ஆனால் விலகினவர் மூன்று வருடம் இந்த லீக்கில் ஆட முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றான்.

என் இடம் எனக்கு, இல்லையென்றால் அவளுக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து இல்லை. மூன்று வருடம் கழித்து எனக்கு முப்பத்தொன்று. அப்போது இந்த லீக் இருக்குமா என்பதே சந்தேகம்.

மற்ற ஆறு பேரும் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். நிஜத் தவமலர் கியா பார்மில் சோளக் கடை போட்டிருக்கிறாள், கடையை விட்டு வரமாட்டேன் என்று வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். புவனேஸ் ஒல்லியாக இருந்த காலத்தோடு ஹாக்கி முடிந்தது என்றாள். ஐந்தே முக்காலுக்கு மேஜை முன்னால் நான் மட்டும் நின்றேன். மெஷினும் இருந்தது, விலகும் கடிதமும் இருந்தது. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

யாராவது எனக்காக முடிவு பண்ண மாட்டார்களா என்றிருந்தது. நிரைப்படி பார்த்தால் இடம் என்னுடையது. கோல்படி பார்த்தால் அவளுடையது. பெயர்படி பார்த்தால் கோலும் என்னுடையது. திரும்பி அன்பரசியைப் பார்த்தேன். வாய்விட்டுக் கேட்டேன், நீயாவது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தொலை. உன் இஷ்டம் என்று சொன்னால் அறைந்துவிடுவது என்று இருந்தேன்.

அவள் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நெரைய நான் திருப்பிக் குடுக்க மாட்டேன்க்கா" என்றாள்.

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முப்பத்தாறு வருடப் பெரட்டில் அவர் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். நிரை பிடித்தவள் நிரையைக் கேட்பது எங்கள் ஆட்களில் திருட்டுக்குச் சமம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறந்ததிலிருந்து எதையும் கேட்காதவள், கேட்பதற்கு இதைத்தானா பார்த்துவைத்திருந்தாள்?

"இத ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அப்போ எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் கட்டையை விடவில்லை.

நான் ஐசியைச் செருகிப் பெருவிரலை வைத்தேன். பச்சை எரிந்தது. அன்று முழுவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான். நான்தான் மோகனா. குகன் பெருமூச்சு விட்டு, முடிந்தது, பதிவு பண்ணிவிடுகிறேன் என்றான். வேண்டாம், அந்தக் கடிதத்தை எடு என்றேன்.

"பச்ச வந்துருச்சேக்கா, அப்புறம் ஏன்?" என்றான்.

"சும்மா பாத்தேன்."

கையெழுத்துப் போட்டேன். பெரிய மனசு என்று கிராணி சொன்னார், மைதீன் பாய் சொன்னார், சுகுமாரன்கூடச் சொன்னார். பெரிய மனசெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தாண்டிப் போன காற்று எனக்குத்தான் தெரியும். அவளும் வாய் திறக்காமல் நின்றிருந்தால் அந்தக் காற்றை மறைத்துவிட்டு நான் ஆடியிருப்பேன். கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு எப்படி ஆடுவது? அன்று வீட்டுக்குப் போகும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அவள் மேல் கோபமா என் மேல் கோபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை ஈப்போவில் முதல் ஆட்டம். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் பஸ் ஹார்ன் கேட்டதும் பிள்ளையைச் சுகுமாரனிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினேன். பஸ்ஸில் அன்பரசி முன்னால், நான் பின்னால்.

பார்வையாளர் மேடையில் என் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஈப்போ புந்தோங் பகுதிக்காரர், மடியில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம். மோகனாவைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவராகவே சொன்னார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கபுட் அணியின் மோகனா லீக்கிலிருந்து விலகிக்கொண்டார், அவருக்குப் பதிலாகப் புது ஆட்டக்காரர், எண் பத்தொன்பது, அன்பரசி. மேடையே ஓ என்று கத்தியது. பக்கத்துக்காரர் வாங்கின டிக்கெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாதி தேயிலைத் தோட்டத்தையே திட்டித் தீர்த்தார்.

முதல் பாதியில் அன்பரசிக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. கோலுக்கு நேராக வந்த பந்தை வெளியே அடித்தாள். அந்தத் தூரத்தில் முகம் தெரியாது, முதுகிலிருந்த எண்தான் தெரியும். பக்கத்துக்காரர் என்னிடம் திரும்பினார். "பாருங்கம்மா, மோகனா மாதிரியே ஓடுறா, மோகனா மாதிரியே கட்டையப் புடிக்கிறா. பாத்துப் பழகியிருக்கா. ஆனா அது வருமா? மோகனா மோகனாதான்."

இந்த வார்த்தையைக் கேட்க நான் இரண்டு வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது கேட்டதும் அந்த மனிதரைப் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது. முதல் ஆட்டம்தானே, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது போல, முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் பாதியில் அவள் வலதுபக்கம் பந்தை வாங்கினாள். மூன்று பேர் மறித்தார்கள். அவள் எப்படி அவர்களுக்கு நடுவே வந்தாள் என்று நான் பார்க்கவில்லை, வலை குலுங்கியதைத்தான் பார்த்தேன். மேடையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பழக்க தோஷம், மோகனா, மோகனா என்றுதான் கத்தினார்கள். பக்கத்துக்காரரும் கத்தினார். அன்பரசி நடுத்திடலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் பெஞ்சின் மேல் ஏறி, அன்பரசி என்று கத்தினேன். யாரும் என்னோடு சேரவில்லை. தொண்டை கிழியும்வரை தனியாகக் கத்தினேன். அவள் தலையைத் தூக்கி மேடையில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்துவிட்டாள்.

இறங்கி உட்கார்ந்தபோது பக்கத்துக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க வீட்டுப் பொண்ணா?"

"என் தங்கச்சி."

"அப்போ நீங்க?"

"மோகனா" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிள்ளை பெற்ற உடம்பு, கத்தி வியர்த்த முகம், கையில் பிளாஸ்டிக் பை. பிறகு சிரித்துவிட்டார்.

"சும்மா வெளையாடாதீங்கலா. மோகனாவ நான் ரெண்டு வருஷமாப் பாக்குறேன்."

பொய் சொல்ல மாட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐசி பையில்தான் இருந்தது, எடுத்துக் காட்டியிருக்கலாம். பையைத் திறக்கவும் திறந்தேன். அதற்குள் பந்து மறுபடியும் அன்பரசியின் கட்டைக்கு வந்துவிட்டது. பையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.